கூரையில் கயாக்: ரூஃப் ராக் தெரிவதும் கட்டுவதும்



இந்தக் கிழமை எபிசோட்டில், ஒரு சேர்வர் விழுந்தாலும் முழுச் சேவையும் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கதைச்சோம். அதே விசயத்தை இந்த மடலில் ஒரு கார்க் கூரையை வைத்துச் சொல்லப் போறன். காரணம் இருக்கு. மொன்றியலில் வெயில் வந்தவுடன் எனக்கு வருகிற மெசேஜுகளில் பாதி கம்ப்யூட்டரைப் பற்றியதே இல்லை. "அண்ணா, கயாக் வாங்கிட்டன். எந்த ராக் நல்லது?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது "எந்த லைப்ரரி நல்லது?" என்று கேட்கிற மாதிரி. உங்கட கார் என்ன, கயாக் என்ன, எவ்வளவு தூரம் கொண்டு போகப் போறீங்கள் என்று தெரியாமல் ஒருவரும் பதில் சொல்ல ஏலாது.

முதலில், ராக் வேணுமா?

டோர்வலில் இருக்கிறவைக்கு லாக் சான் லூயி ஏரி நடை தூரம். போர்-டு-லாக் வீதிக்குப் பக்கத்தில் வீடு, அந்த ஏரியில் மட்டும்தான் துடுப்புப் போடப் போறீங்கள் என்றால், கயாக்குக்குக் கீழே மாட்டுகிற இரண்டு சில்லு வண்டி ஒன்று காணும். காற்றடிக்கிற கயாக் என்றால் அதுவும் தேவையில்லை, கார் டிக்கிக்குள் போய்விடும்.

ஓக்காவுக்கு, பூஷேவில் தீவுகளுக்கு, லோரன்ஷியன் மலைப்பக்க ஏரிகளுக்குப் போக ஆசை என்றால் கதை வேறு. அப்போது 25 கிலோ பொருள் ஒன்றைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடப் போறீங்கள். அது கழன்றால் உங்களுக்கு நட்டம் ஒரு கயாக். பின்னால் வருகிற காரில் ஒரு குடும்பம் இருக்கலாம். இந்த மடலில் மற்றதெல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதேங்கோ.

ராக் என்பது மூன்று துண்டு

கடையில் ஒரே பெயரில் விற்றாலும் ராக் மூன்று அடுக்கு: காரைப் பிடிக்கிற கால், அதற்கு மேல் குறுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் கயாக்கைத் தாங்குகிற தாங்கி.

கால்தான் காரோடு ஒத்துப் போக வேணும். சில கார்களில் கூரையின் இரண்டு பக்கமும் உயர்ந்த ரெயில் இருக்கும், கீழே விரல் போகும். சிலவற்றில் ரெயில் கூரையோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் திருகு போடுகிற இடங்கள் சின்ன மூடிக்குக் கீழே மறைஞ்சிருக்கும். ஒன்றுமே இல்லாத வெறும் கூரை என்றால் கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கிற கால் வேணும். அந்தக் கவ்வி ஒவ்வொரு மாடலுக்கும், சில நேரம் ஒவ்வொரு ஆண்டுக்கும், தனித்தனி. பழைய சாமான் விற்கிற இடத்தில் மலிவாய் ஒரு செட் கண்டால், "இது என்ன கார், எந்த ஆண்டு, எத்தனை கதவு?" என்று கேட்டு உங்கட காரோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. வேர்ஷன் பொருந்தாத டிபென்டென்சி மாதிரித்தான், இன்ஸ்டால் ஆகிறது போல இருக்கும், ஓடும்போது உடையும். கண்ணாடிக் கூரை உள்ள கார் என்றால் கையேட்டைப் பார்க்காமல் ஒன்றும் பூட்டாதேங்கோ.

கம்பிகள் இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட நல்லது. நீளமான கயாக்கை மிகக் கிட்டக் கிட்ட இருக்கிற இரண்டு புள்ளியில் வைத்தால், காற்று அதை ஒரு துலாவைப் போல ஆட்டும்.

தாங்கியில் மூன்று வகையைக் கனக்கப் பாவிக்கிறார்கள். ஜே எழுத்து வடிவத் தாங்கி கயாக்கைப் பக்கவாட்டில் சரித்துப் பிடிக்கும், ஆகவே இரண்டு கயாக் அடங்கும். உயர்த்தி ஏற்றத்தான் சிரமம். சேணம் மாதிரியான தாங்கி அடிப்பாகத்தைத் தாங்கும், பின்னாலிருந்து தள்ளி ஏற்றலாம், கூரையில் இடம் கூட எடுக்கும். மூன்றாவது வெறும் ஸ்பொஞ்ச் கட்டை. மலிவு, கிட்டிய தூரத்துக்குச் சரி. தாங்கியே இல்லாமல் வெறும் கம்பியில் வைப்பதென்றால் பிளாஸ்டிக் கயாக்கைக் கவிழ்த்து வையுங்கோ. அடிப்பாகம் வெயிலில் இளகிக் கம்பியின் மேல் அமுங்கினால், அந்தப் பள்ளம் பிறகு தண்ணீரில் உங்களை இழுக்கும்.

மூன்று எண்கள், சின்னதுதான் வெல்லும்

காரின் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று இருக்கும். பல சின்னக் கார்களில் அது 50 முதல் 75 கிலோ வரை. கம்பிக்கு ஒரு எல்லை, தாங்கிக்கு ஒரு எல்லை. உங்கட உண்மையான எல்லை இந்த மூன்றிலும் சின்னது. கோட் எழுதுகிறவைக்கு ஒரே வரி: மின் ஃபங்ஷன். 100 கிலோ தாங்குகிற கம்பியை வாங்கினாலும் 50 கிலோக் கூரை 50 கிலோக் கூரைதான்.

ஒரு கணக்குப் பார்ப்பம். கூரை எல்லை 75 கிலோ என்று வையுங்கோ. கம்பியும் காலும் 6, இரண்டு சோடித் தாங்கி 8. இப்பவே 14 போய்விட்டது. 25 கிலோ கயாக் இரண்டு என்றால் 50. மொத்தம் 64, சரி. அதில் ஒன்றை மாற்றி, இருவர் இருக்கிற 40 கிலோ கயாக்கை ஏற்றினால் 79. எல்லையைத் தாண்டியாச்சு. கூரை உடனே உடையாது, அதனால்தான் ஆட்கள் "ஒன்றும் நடக்கேல்லையே" என்று நம்புகிறார்கள். ஆனால் பாரம் மேலே ஏறினால் வளைவில் கார் கூடச் சாயும், பிரேக் பிடிக்கும்போது எல்லாம் மாறும். ராக்கின் எடையும் கூரையின் கணக்கில் சேரும், அதைக் கனபேர் மறந்துவிடுகிறார்கள்.

நாலு கட்டு, இரண்டு வேலை

ஆங்கிலத்தில் கட்டமரான் என்கிற சொல் எங்கட கட்டுமரத்திலிருந்து போனது. கயாக் என்கிற சொல் வட துருவத்து இனுயிட் மக்களுடையது. ஒன்று மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டியது, மற்றது சட்டத்தைக் கட்டி அதற்கு மேல் விலங்குத் தோல் போர்த்தியது. ஆணியை நம்பாமல் கட்டை நம்பிக் கடலுக்குப் போன இரண்டு கூட்டம். எந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அப்படிப் போகலாம். எங்களுக்கும் அதுதான் பாடம்.

கயாக்குக்கு நாலு கட்டு வேணும். நடுவில் இரண்டு பட்டி, ஒவ்வொரு கம்பியிலும் ஒன்று. பிறகு முன்முனைக்கு ஒரு கயிறு, பின்முனைக்கு ஒரு கயிறு.

நடுப் பட்டிகள் கயாக்கைக் கம்பியோடு அமத்திப் பிடிக்கும். மேலே எழும்பாமல், பக்கத்துக்கு உருளாமல் பார்ப்பது அவற்றின் வேலை. ஆனால் முன்னுக்குப் பின்னுக்கு வழுக்காமல் பிடிப்பது வெறும் உராய்வுதான். பலமாய் பிரேக் அடித்தால் 25 கிலோ கயாக் ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னுக்குப் பாயப் பார்க்கும். பட்டி ஈரமாய் இருந்தால், கயாக் வழுவழுப்பாய் இருந்தால், உராய்வை நம்ப ஏலாது. முனைக் கயிறுகள் அதற்குத்தான். காற்று முன்முனையைத் தூக்கப் பார்க்கும்போதும் அவைதான் பிடிக்கும்.

இதைத்தான் எபிசோட்டில் கதைச்சோம். ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைப்பது ஒரு பாதுகாப்பு. வேறு வேறு விதமாய் உடையக்கூடிய இரண்டு பேரை வைப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. கால் கழன்று முழு ராக்குமே கூரையை விட்டு எழும்பினால், நடுப் பட்டி இரண்டும் அதோடு சேர்ந்து போகும். காரின் உடம்பில் நேராய்க் கட்டிய முனைக் கயிறு மட்டும் மிஞ்சும்.

இனிச் செய்முறை:

1. நெம்பி இறுக்குகிற ராட்செட் பட்டி வேண்டாம், அதன் பலம் கயாக்கை நசுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்குகிற கொக்கிப் பட்டி போதும். பொலியெஸ்டர் பட்டி நல்லது. நைலோன் நனைந்தால் நீளும்.
2. பட்டியை கயாக்குக்கு மேலால் போட்டு, கம்பிக்குக் கீழால் எடுத்து, திரும்ப மேலால் கொண்டுவந்து, மற்றப் பக்கமும் கம்பிக்குக் கீழால் விட்டுக் கொக்கியில் போடுங்கோ. தாங்கியை மட்டும் சுற்றிக் கட்டாதேங்கோ. தாங்கி கழன்றாலும் கயாக் கம்பியில் நிற்க வேணும்.
3. பட்டியில் ஒரு முறுக்கு விடுங்கோ. இல்லாட்டி வழி முழுக்க விமானம் இறங்குகிற சத்தம் கேட்கும். டோர்வலில் அது ஏற்கனவே காணும்.
4. முனைக் கயிற்றைப் பிளாஸ்டிக் பம்பரில் மாட்டாதேங்கோ. பொனட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டில் பூட்டுகிற துணி வளையம் விற்கிறார்கள், அது நல்லது. கயிறு தொய்யக் கூடாது, அதே நேரம் முனையை வளைக்கிற அளவுக்கு இழுக்கவும் கூடாது.
5. கடைசியாய் கயாக்கைப் பிடித்து ஆட்டுங்கோ. கயாக் மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை. முழுக் காரும் சேர்ந்து ஆட வேணும்.

வீதியில்

முதல் 10, 15 நிமிடத்தில் ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ. பட்டிகள் அந்த நேரத்துக்குள்தான் இளகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 50-இல் இருப்பதைப் போல நாலு மடங்கு 100-இல். ஆகவே வீட்டு வீதியில் அசையாமல் வந்த கயாக், நெடுஞ்சாலை 20-இல் ஏறியதும் வேறு ஆள். சாம்பிளேன் பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் வேகத்தைக் குறையுங்கோ.

கியூபெக்கில் சுமை காரின் பின்பக்கத்தைத் தாண்டி 1 மீட்டருக்கு மேல் நீட்டினால் முனையில் சிவப்புக் கொடி வேணும், இரவில் சிவப்பு விளக்கு வேணும். 5 மீட்டர் கயாக் சின்னக் காரில் அந்த எல்லையைத் தொட்டுவிடும், அளந்து பாருங்கோ. அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தரிப்பிடத்துக்குள் போக முதல் கூரைக்கு மேல் என்ன இருக்கு என்று ஞாபகம் வைக்க வேணும். மொத்த உயரத்தை ஒரு துண்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கோ.

பனிக்காலம் வர முதல் ராக்கைக் கழற்றி வையுங்கோ. வீதி உப்பு திருகுகளைத் தின்னும். கயாக் இல்லாத வெறும் ராக்கும் எரிபொருள் குடிக்கும், மின்சாரக் காரில் அது நேரே ரேஞ்சில் தெரியும்.

இந்தக் கிழமை வீட்டு வேலை

வாங்க முதல் மூன்று எண்ணை எழுதுங்கோ: கையேட்டில் உள்ள கூரை எல்லை, உங்கட கயாக்கின் எடை, அதன் நீளம். கூரை எல்லையிலிருந்து ராக்குக்கு ஒரு 15 கிலோவைக் கழியுங்கோ. மிச்சம் கயாக்கின் எடையை விடக் குறைவு என்றால், இந்தக் காருக்கு எந்த பிராண்டும் சரிவராது. கூட என்றால் அந்த மூன்று எண்ணோடு எனக்கு மெசேஜ் போடுங்கோ. அப்போது "எந்த ராக் நல்லது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஏலும்.

அடுத்த கிழமை சந்திப்பம்.