அக்கா சொல்றேன்: டிசம்பர்ல திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடு

"எல்லாப் படமும்தான் போன்லயே வந்துடுதே அக்கா, அதுக்காக லீவு போட்டு, ரயில் ஏறி, வரிசையில நிக்கணுமா?" திரைப்பட விழான்னு வாயெடுத்தாலே வீட்டுல இருக்கிற சின்னதுங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

போன்ல வரும், உண்மைதான். ஆனா நீ பார்க்க மாட்டே. ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஈரான் படத்தைப் போடுவே. பன்னிரண்டாவது நிமிஷம் வாட்ஸ்அப் வரும். அதுக்குப் பதில் போட்டுட்டுத் திரும்பி வந்தா யார் யாருக்கு என்ன உறவுன்னு மறந்திருக்கும். "நாளைக்குப் பார்க்கலாம்"னு மூடிடுவே. அந்த நாளைக்கு வரவே வராது. விழா அரங்குல நிறுத்துறதுக்குப் பட்டன் கிடையாது. பல நல்ல படங்கள் முதல் அரைமணி நேரம் நம்மைக் கண்டுக்கவே கண்டுக்காது. பொறுமையா உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் நாற்பதாவது நிமிஷம் கதவைத் திறக்கும். விழாவோட ருசியே இதுல இருக்கு. ஹீரோ யாரு, கதை என்னன்னு ஒண்ணும் தெரியாம, டிரெய்லர் பார்க்காம, இருட்டுல உட்கார்ற அனுபவம் வேற எங்கே கிடைக்குது சொல்லு?

வினோத்ராஜோட 'கூழாங்கல்' நினைவிருக்கா? 2021ல ரோட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கின தமிழ்ப் படம். மதுரைப் பக்கத்து வெயில்ல ஒரு அப்பனும் மகனும் நடக்கிற நடைதான் மொத்தப் படமும். அது நம்ம ஊர் தியேட்டருக்கு வராமலே 2023ல ஓடிடிக்குப் போயிடுச்சு. அந்த வெயிலைப் பெரிய திரையில பார்த்தவங்கன்னா, ஏதாவது ஒரு விழாவுல உட்கார்ந்தவங்கதான். நம்ம மண்ணுல எடுத்த படத்துக்கே இந்த நிலைமைன்னா, செனகல் படத்துக்கும் சிலி படத்துக்கும் கேட்கவே வேண்டாம்.

எந்த விழா?

இந்தியாவுல முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952ல பம்பாயில தொடங்கி, மதராஸ், டெல்லி, கல்கத்தான்னு சுத்தி வந்தது. டி சிகாவோட 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை நம்ம ஊர் இயக்குநர்கள் பலர் பார்த்தது அப்போதான். அந்தத் தாக்கத்துல அடுத்த வருஷமே பிமல் ராயோட 'தோ பீகா ஜமீன்' வந்தது. அந்த மத்திய அரசு விழா 2004லிருந்து கோவாவுல, நவம்பர் கடைசியில நடக்குது. சென்னை விழாவை 2003லிருந்து இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் டிசம்பர்ல நடத்துது. யாழ்ப்பாணத்துலயும் 2015லிருந்து ஒரு விழா இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க தவறவிடாதீங்க.

ஆனா முதல் தடவை போறவங்களை நான் அனுப்புறது திருவனந்தபுரத்துல நடக்கிற கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத்தான். கோவா பெரிய இடம், சிவப்புக் கம்பளம், நட்சத்திரக் கூட்டம்னு பார்க்க அழகா இருக்கும். ரூம் வாடகையோ கையைச் சுடும். சென்னை விழா நல்ல விழாதான். ஆனா ஊருக்குள்ளேயே இருக்கிறவங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு: பாதி நாள் ஆபீஸ், மீதி நாள் டிராபிக்னு விழா கரைஞ்சு போயிடும். வெளியூர் போனாத்தான் மனசு படத்தோட நிக்கும். அதோட, கேரள விழாவுல கூட்டமே ஒரு காட்சி. ஆட்டோ ஓட்டுறவர், கல்லூரிப் பசங்க, ரிட்டையர் ஆன டீச்சர்னு எல்லாரும் கழுத்துல பாஸை மாட்டிக்கிட்டு லத்தீன் அமெரிக்கப் படத்தைப் பத்திச் சண்டை போடுவாங்க. 2022ல லிஜோ ஜோஸ் பெல்லிசேரியோட 'நண்பகல் நேரத்து மயக்கம்' அங்கே முதல் தடவையா திரையிட்டப்போ உள்ளே இடம் கிடைக்காம ரகளையே ஆயிடுச்சு. தமிழ்நாட்டுக் கிராமத்துல நடக்கிற அந்தக் கதைக்குத்தான் அந்த வருஷம் பார்வையாளர் விருது கிடைச்சுது.

ரயிலும் ரூமும் முதல்ல

கேரள விழா 1996ல கோழிக்கோட்டுல தொடங்கினது. இப்போ வழக்கமா டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்துல தொடங்கி எட்டு நாள் நடக்கும். தேதி அறிவிப்பு வந்ததும் படப் பட்டியலுக்காகக் காத்திருக்காதே, ரயிலைப் பிடி. காரணம் சபரிமலை. மண்டல காலத்துல கேரளாவுக்குப் போற ரயில் எல்லாம் மாலை போட்ட சாமிகளால நிரம்பிடும். ரயில் நிலையம் இருக்கிற தம்பானூர் பகுதி லாட்ஜுகளும் அப்படித்தான். ரயில் முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அதனால அக்டோபர் நடுவுலயே காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோ. சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸோ திருவனந்தபுரம் மெயிலோ பிடிக்கலாம். நாகர்கோவில்காரங்களுக்குக் கவலையே இல்லை, பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாம்.

ரூமைத் தம்பானூரைச் சுத்தியே போடு. கொஞ்சம் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கோ. கைரளி, ஸ்ரீ, நிலான்னு மூணு அரங்கு ஒரே வளாகத்துல அங்கேதான் இருக்கு. ரயில் நிலையத்துலேருந்து நடை தூரம். பெண் பிள்ளைங்க தனியாப் போறீங்கன்னா இது இன்னும் முக்கியம். ராத்திரிக் காட்சி முடிஞ்சு வெளியே வந்தா கூட்டத்தோட கூட்டமா நடந்தே ரூமுக்குப் போயிடலாம், ஆட்டோ தேடி நிக்க வேண்டாம். கனகக்குன்னு நிசாகந்தி திறந்தவெளி அரங்குல நள்ளிரவுக் காட்சி போடுவாங்க. 2023ல 'தி எக்ஸார்சிஸ்ட்' அப்படித்தான் போட்டாங்க. அதுக்குப் போறதா இருந்தா திரும்பி வர துணையை வரிசையிலேயே பேசி வெச்சுக்கோ. "தம்பானூர் பக்கமா போறீங்களா சேச்சி?"ன்னு கேட்டா போதும், நாலு பேர் சேர்ந்துடுவாங்க.

பாஸ்

பதிவு இணையத்துல, பெரும்பாலும் நவம்பர்ல திறக்கும். எட்டு நாளைக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான், மாணவர்களுக்கு அதுல பாதி. அடையாள அட்டையைக் காட்டி பாஸையும், பையும், படங்களைப் பத்தின புத்தகத்தையும் வாங்கிக்கலாம். முதல் நாள் காலையில அந்தக் கவுன்ட்டர்ல நிக்காதே, முடிஞ்சா முந்தின நாளே போய் வாங்கிடு. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். விழாப் படங்களுக்கு சென்சார் சான்றிதழ்லேருந்து விலக்கு வாங்கித்தான் காட்டுறாங்க, வெட்டு எதுவும் இருக்காது. அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க கதைச் சுருக்கத்தை ஒரு தடவை படிச்சிடுங்க. அப்புறம் இருட்டுல ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டாம்!

மறுநாள் படத்துக்கு முந்தின நாளே இணையத்துல சீட் போடணும். பேர் பெற்ற படம்னா சில நிமிஷத்துல தீர்ந்துடும். கிடைக்கலேன்னா சோர்ந்து போகாதே, முன்பதிவு இல்லாதவங்களுக்கும் ஒரு பங்கு சீட் ஒதுக்குவாங்க. முக்கால் மணி நேரம் முன்னாடி வரிசைக்கு வந்துடு.

படத்தைப் பொறுக்குறது

இதுலதான் புதுசா வர்றவங்க எல்லாரும் கல்யாணப் பந்தியில முதல் பந்திக்கு ஓடுற மாதிரி ஓடுறாங்க. கான்ல விருது, பெர்லின்ல விருதுன்னு பட்டியல் போட்டு ஒரு நாளைக்கு அஞ்சு படம்! மூணாவது நாள் எந்தப் படத்துல யார் செத்தாங்கன்னே குழம்பிடும். என் கணக்கு ஒரு நாளைக்கு மூணு, ரொம்ப ஆசைப்பட்டா நாலு. கான்ல பெரிய பரிசு வாங்கின படம் பெரும்பாலும் பின்னாடி ஏதாவது ஓடிடிக்கு வந்துடும். அதுக்காக ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்காதே. வராத படத்துக்கு நில்லு.

வராத படம்னா எது? போட்டிப் பிரிவுலேருந்து ஆரம்பி. கேரள விழாவோட போட்டிப் பிரிவு ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. முதல் படம், ரெண்டாவது படம் எடுக்கிற இயக்குநர்கள் பலர் அங்கே இருப்பாங்க. பல தடவை எடுத்தவங்களே படத்தோட வந்து, முடிஞ்சதும் மேடையில நின்னு பதில் சொல்வாங்க. கேள்வி கேட்கிறதா இருந்தா கேள்வியாக் கேளு. மைக்கைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் தன் சொந்த விமர்சனத்தைப் படிக்கிற ஒருத்தர் எல்லா விழாவுலயும் இருப்பார்; அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியாச்சு. அடுத்தது பழைய மேதைகளோட படங்களைச் சேர்த்துப் போடுற பிரிவு. அதுல ஒண்ணாவது பார்த்தே ஆகணும்.

இன்னொண்ணு, அரங்குகளைக் கொத்துக் கொத்தாப் பிரிச்சு வெச்சுக்கோ. தம்பானூர்ல கைரளி வளாகம், நியூ தியேட்டர். வழுதக்காட்டுல டாகூர் தியேட்டர், கலாபவன். கிழக்கேகோட்டைப் பக்கம் ஸ்ரீபத்மநாபா. காலையில ஒரு கொத்து, சாயங்காலம் இன்னொரு கொத்துன்னு திட்டம் போட்டா கால் தப்பிக்கும். கொத்து மாத்தும்போது நடுவுல ஒரு மணி நேரமாவது விடு.

ஒரு நாளைக்கு ஒரு காட்சியைக் காலியா வை. அந்த இடத்தை வரிசை நிரப்பும். "காலையில கலாபவன்ல பார்த்த படம் கொள்ளாம்"னு முன்னாடி நிக்கிற மலையாளி சொன்னா (நல்லா இருக்குன்னு அர்த்தம்), அதோட அடுத்த காட்சி எப்போன்னு பார்த்துப் போ. எல்லாப் படமும் பெரும்பாலும் ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை போடுவாங்க. புத்தகத்துல இருக்கிற சுருக்கத்தை விட இந்த வாய்ச்சொல் நம்பகமானது. சுருக்கம் எழுதுறவங்களுக்கு எல்லாப் படமுமே ஆழமான படம்தான்.

உள்ளே போனதும்

இடைவேளை கிடையாது. இதை ரெண்டு தடவை படி. தண்ணியை அளவாக் குடி, பாத்ரூமை முன்னாடியே முடிச்சுக்கோ, பாப்கார்ன் நினைப்பை விட்டுடு. முன்வரிசையில தலை வலிக்கும். கடைசி வரிசையில முன்னாடி இருக்கிறவர் தலை சப்டைட்டிலை மறைக்கும். நடு வரிசையில, ஓரத்து சீட்டாப் பார்த்து உட்காரு. இங்கிலீஷ் சப்டைட்டில் வேகமா ஓடுதேன்னு பயப்படுறவங்க கதைச் சுருக்கத்தைப் படிச்சுட்டு, பேச்சு குறைவா இருக்கிற படத்துலேருந்து ஆரம்பிங்க. ஒரு வரி தவறினா விட்டுடு, முகத்தைப் பாரு. ரெண்டு மூணு படத்துல கண்ணு பழகிடும். ஏசி குளிருக்கு ஒரு துப்பட்டாவோ சால்வையோ பையில இருக்கட்டும்.

மெதுவா நகர்ற படத்தைப் பத்தித் தனியாச் சொல்லணும், ஏன்னா பாதிப் பேர் விழாவை வெறுக்கிறது அங்கேதான். 2022ல வாழ்நாள் சாதனை விருது வாங்க ஹங்கேரியிலிருந்து இயக்குநர் பேலா தார் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தார். அவரோட 'டுரின் ஹார்ஸ்' ரெண்டரை மணி நேரம். மொத்தமே முப்பது ஷாட் அளவுதான். அப்பாவும் மகளும் உருளைக்கிழங்கு வேகவெச்சுத் தின்பாங்க. மறுநாளும் அதே கிழங்கு. வெளியே காத்து அடிக்கும். இதுல "அடுத்தது என்ன"ன்னு காத்திருந்தா பைத்தியம் பிடிக்கும். காத்திருக்கிறதை விட்டுட்டு, இருக்கிறதைப் பாரு. அந்த அப்பா சூட்டோட கிழங்கைப் பிய்க்கிற வேகம், மகள் நிதானமா உரிக்கிற விதம். ரெண்டாவது சாப்பாடு வரும்போது உனக்கு அந்த வீடே தெரிஞ்சிருக்கும். அப்படியும் தூக்கம் வந்தா தூங்கு, தப்பில்லை. குறட்டை மட்டும் வேண்டாம்.

பிடிக்கலேன்னா எழுந்து போகலாமா? தாராளமா. ஆனா ஒரு மணி நேரம் கொடுத்துட்டுப் போ. குனிஞ்சு போ, போன் வெளிச்சத்தைக் கையால மூடிக்கோ.

வயிறு

மதியச் சாப்பாட்டைக் கனமாச் சாப்பிட்டா ரெண்டு மணிப் படம் போச்சு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி பேக்கர் கட்டின இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு. சிவப்புச் செங்கல்ல சுருள் சுருளா மேலே ஏறும் கட்டடம். தரையே சரிவா ஏறும், சுவரை ஒட்டி மேசைகள் படிப்படியாப் போகும். பீட்ரூட் போட்ட மசால் தோசையைப் பார்த்து முகம் சுளிக்காம ஒரு தடவை சாப்பிடு. விழா நாள்ல பக்கத்து மேசையில கண்டிப்பா ரெண்டு பேர் ஏதாவது ஒரு படத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாங்க. காது கொடு. தைரியம் இருந்தா கலந்துக்கோ, தமிழ்ல பேசினாலும் அவங்களுக்குப் புரியும். பையில கடலைமிட்டாய், வாழைப்பழம், பவர் பேங்க் மூணும் எப்பவும் இருக்கணும்.

ஒவ்வொரு படம் முடிஞ்சதும் அடுத்த வரிசையில நிக்கும்போதே சின்ன நோட்டுல மூணு வரி எழுதிடு: படத்தோட பேர், மனசுல நின்ன ஒரு காட்சி, யார்கிட்ட இதைப் பத்திப் பேசினே. நட்சத்திர மதிப்பெண் எல்லாம் போடாதே, ஊர் திரும்பினதும் அதுக்கு அர்த்தமே இருக்காது. காட்சியை எழுதி வெச்சா ரெண்டு வருஷம் கழிச்சும் படம் திரும்பி வரும்.

போட்டிப் பிரிவுப் படங்களுக்குப் பார்வையாளர் விருது உண்டு, பாஸ் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஓட்டு இருக்கு. நிறையப் பேர் சோம்பேறித்தனத்துல விட்டுடுவாங்க. நீ போடு. எங்கேயோ கடன் வாங்கிப் படம் எடுத்த ஒரு புது ஆளுக்கு அந்த விருது அடுத்த படத்துக்கான பேச்சைத் தொடங்கி வைக்கும்.

ஊர் திரும்பின பிறகு, சென்னையில இருக்கிறவங்க இண்டோ சினி அப்ரிசியேஷன் வருஷம் முழுக்க நடத்துற திரையிடல்களை விசாரிங்க. மத்த ஊர்கள்லயும் ஃபிலிம் சொசைட்டி இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

கடைசியா ரயில் விஷயம் இன்னொண்ணு. எல்லாரும் கடைசி நாள் சாயங்காலத்துக்கே திரும்புற டிக்கெட்டைப் போட்டுடுறாங்க. விழாவோட முதல் பரிசான சுவர்ண சகோரம் வாங்கின படத்தை நிறைவு விழா முடிஞ்சதும் நிசாகந்தியில போடுவாங்க. அதனால டிக்கெட்டை மறுநாள் காலைக்குப் போடு.