பலெர்மோவில் வாழ்ந்த யப்பானிய ஓவியர்

எமது மாணவர்களுள் பலர் யப்பானியச் சித்திரக் கதைகளை விரும்பிப் படிக்கின்றனர். அக்கதைகளின் பாத்திரங்களைக் கொப்பியின் ஓரங்களில் வரைந்து பார்ப்போரும் உளர். அந்நாட்டின் ஓவியர் ஒருவர் 1882 ஆம் ஆண்டிலேயே இந்நகருக்கு வந்து 51 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை நம்மிற் பலர் அறிந்திலோம்.

அவர் பெயர் கியொஹாரா தாமா. பின்னாளில் டோக்கியோ எனப் பெயர் மாறிய எடோ நகரில் 1861 இற் பிறந்தவர். சிறு வயதிலேயே தம் நாட்டு மரபோவியத்தைப் பயின்றார். 1876 இல் யப்பானிய அரசு மேலைக் கலைகளைக் கற்பிக்க டோக்கியோவில் ஒரு பள்ளியை நிறுவி, இத்தாலியிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தது. அங்கே சிற்பம் கற்பிக்கச் சென்றவர் பலெர்மோவைச் சேர்ந்த வின்சென்சோ ரகூசா. தாமா அவரது சிற்பத்துக்கு மாதிரியாக அமர்ந்தார். அவரிடம் மேலைநாட்டு ஓவியமுறையையும் கற்றார். யப்பானிய மரபில் தூரிகைக் கோடே உயிர். மேலை முறையிலோ ஒளியும் நிழலும் சேர்ந்தே உருவத்தைத் திரட்டித் தருகின்றன. தாமாவின் கை இரண்டையும் பழகியது.

1882 இல் ரகூசாவுடன் தாமாவும், அவருடைய தமக்கை சியோவும், தமக்கையின் கணவரும் பலெர்மோ வந்தனர். ரகூசா இங்கு தொடங்கிய கலைப்பள்ளியிலே தமக்கை பூத்தையலும், அவர் கணவர் மரப்பொருள்களுக்கு அரக்குப் பூசி மெருகிடும் கலையும், தாமா ஓவியமும் கற்பித்தனர். தாமா ரகூசாவை மணந்து எலியொனோரா ரகூசா ஆனார். அவரை ரகூசாவின் மனைவி என்று மட்டும் கூறிக் கடந்துவிடுவது நியாயமன்று; அவர் தம் தூரிகையால் அறியப்பட வேண்டியவர்.

சில ஆண்டுகளில் தமக்கையும் அவர் கணவரும் தாயகம் திரும்பினர். அதன்பின் வீட்டில் யப்பானிய மொழி பேச எவரும் இல்லை. கணவரோடும் மாணவியரோடும் அயலாரோடும் பேசியதெல்லாம் இத்தாலியமும் சிசிலிய வழக்குமே. 1927 இல் ரகூசா காலமானார். 1931 இல் யப்பானியச் செய்தித்தாள்கள் தாமாவின் வரலாற்றைத் தொடராக வெளியிட, அந்நாட்டு மக்கள் அவரை அறிந்தனர். 1933 இல், தம் 72 ஆம் வயதில், உறவுப் பெண் ஒருத்தி அழைத்துச் செல்ல அவர் ஊர் திரும்பினார். ஆனால் தாய்மொழி பெரும்பாலும் மறந்துபோயிருந்தது.

பெற்றோர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாமா தம் மொழியை வெறுத்தவரல்லர். 21 வயதுவரை அம்மொழியிலேயே வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் நாவிலிருந்தே அது நழுவியதெனில், தமிழை வீட்டில் மட்டுமே கேட்கும் எம் பிள்ளைகளின் நிலை என்ன? வீட்டிலும் அது கேளாதொழிந்தால், வாரத்தில் ஒருநாள் நாம் நடத்தும் வகுப்பு எம்மட்டில் ஈடுசெய்யும்?

கை மட்டும் மறக்கவில்லை. டோக்கியோவில் மீண்டும் ஓவியம் வரைந்தார். 1939 ஏப்ரலில் மறையும்வரை வரைந்தார்.

அவரது அஸ்தியின் ஒரு பகுதி பின்னர் பலெர்மோவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாம் குடும்பமாகச் சென்று வணங்கும் சாந்தா ரோசாலியா திருத்தலம் அமைந்த பெல்லெகிரினோ மலையின் அடிவாரத்தில், ரோத்தொலி இடுகாட்டில் அது உள்ளது. ரகூசாவின் பள்ளிவழி வந்த நகரின் கலைக் கல்லூரிப் பெயரில் இன்று அவ்விருவர் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஓவியத்தில் நாட்டமுள்ள எம் மாணவர் அங்கு சேர்ந்து பயிலலாம்.