வளைவுக்கு முன்னரே வேகம் தணிப்போம்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சேர்வராயன் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேர்ந்த ஓட்டுநர் வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணிக்கிறார். சினமும் அத்தகைய வளைவே.

தற்கொலை எண்ணத்தால் வருந்துவோருக்காகத் தாம் வகுத்த பயிற்சி முறையை அமெரிக்க உளவியலறிஞர் மார்ஷா லைனஹன் 1993இல் நூலாக வெளியிட்டார். பலர் வாரந்தோறும் குழுவாக அமர்ந்து நான்கு திறன்களைக் கற்கின்றனர்: விழிப்புடனிருத்தல், துயர் பொறுத்தல், உணர்ச்சியை நெறிப்படுத்தல், உறவு பேணல். அது குறைகளைக் கொட்டும் கூட்டமன்று. வீட்டுப்பாடம் உள்ள வகுப்பு. ஒருவர் தாம் தவறியதைக் கூற, மற்றவர் தாம் தனித்தில்லை எனத் தேறுகின்றனர்.

எழுந்த உணர்ச்சிக்குப் பெயரிடுதலும், கடிந்துரைக்கத் தோன்றுங்கால் மெல்ல விலகி நிற்றலும் நாமும் பயிலத்தக்கவை.

சினமே எழாமை துறவோர் நிலை. எழுந்ததை அறிந்து அடங்குதல் இல்லறத்தார்க்கும் கூடும். துயர் மிகின், அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416ஐ நாடுவோமாக.