உப்புத் தண்ணீரிலும் பூ பூக்கும்: அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சிகளா, மாதனூர், ஆம்பூர் பக்கம் ஆசையா ரோஜா வாங்கி வெச்சா, இலை நுனி கருகி செடி நோஞ்சானா நிக்குதா? உங்க கைராசியில குறை இல்லை. தோல் பதனிடும் கழிவுநீரோட போன உப்பு, பாலாற்றங்கரையில பல இடங்கள்ல நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கு. 1996-லயே சுப்ரீம் கோர்ட் இதுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால நம்ம பக்கம் முதல்ல உப்பைக் கவனிங்க, உரம் அப்புறம்.

• தண்ணீரை அளந்துட்டு செடி வாங்குங்க. டி.டி.எஸ். மீட்டர்ல 450-க்குள்ள இருந்தா ரோஜாவுக்கும் பயமில்லை. 2000-ஐத் தாண்டினா ரோஜா வேண்டாம். அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ் தாங்கும். அரளி விஷம், குழந்தைகளும் ஆடும் எட்டாத இடத்துல வைங்க.

• ஆர்.ஓ. மெஷின் வெளியேத்துற தண்ணீரைச் செடிக்கு விடாதீங்க. குழாய்த் தண்ணீரைவிட அதுல உப்பு அதிகம்.

• தொட்டி மண்ணுமேல வெள்ளையா பூத்திருந்தா அது உப்பு. அதைச் சுரண்டி எடுத்துட்டு, அடித்துளை வழியா வடியும்வரை நல்ல தண்ணீர் ஊத்துங்க. தட்டுல தேங்கினதை உடனே கொட்டிடுங்க. விட்டா மண்ணு திரும்ப உறிஞ்சிக்கும்.

• ஆடியில சாமந்தி நாற்று நடுங்க. ஒரு மாசத்துல நுனியைக் கிள்ளிவிட்டா பக்கக்கிளை வெடிச்சு, பூ அதிகமா வரும்.

• குண்டுமல்லியை நவம்பர் கடைசியில, தரையிலிருந்து ஒரு முழம் விட்டு (45 செ.மீ.) கவாத்து பண்ணுங்க. மார்ச்ல இருந்து பூ எடுக்கலாம். முல்லை, ஜாதிமல்லிக்கு ஜனவரி கடைசி.

• சித்திரை வெயிலுக்குக் காய்ந்த இலையால மூடாக்கு போடுங்க. தேங்காய் நார்க்கழிவுன்னா நல்லா அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். தண்ணீரைக் காலையிலேயே வேர்ல ஊத்துங்க. உப்புத் தண்ணீர் இலையில பட்டா கருகிடும்.

எல்லாத்துக்கும் மேல நல்ல மருந்து மழைத்தண்ணீர்தான். 100 சதுர அடி மாடியில 1 செ.மீ. மழை பெய்ஞ்சா கிட்டத்தட்ட 90 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள மாடிக் குழாய்க்குக் கீழே மூடி போட்ட டிரம் ஒண்ணு வெச்சிடுங்க.