பழைய லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸும்!

• முதல் வேலை, போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுப்பது.

• விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டிலேயே சி டிரைவைச் சுருக்கி, லினக்ஸ் மின்ட்டுக்கு 40 ஜிபியாவது ஒதுக்குங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள்.

• மின்ட்டை ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லையா? ஆன் செய்ததுமே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் கீயை விட்டுவிட்டுத் தட்டுங்கள். எந்தக் கீ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

• நிறுவும்போது விண்டோஸ் கண்ணில் படவில்லையா? ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘பயாஸ் மோட்’ யூஇஎஃப்ஐயா, லெகஸியா என்று பாருங்கள். பென் டிரைவையும் அதே முறையில் பூட் செய்யுங்கள்.

• வைஃபை வரவில்லையா? மொபைலை கேபிளில் இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டு, ‘டிரைவர் மேனேஜர்’ மூலம் டிரைவரை இறக்குங்கள்.

• விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பதறாதீர்கள். லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேசப் பொது நேரத்தைப் பதிந்துவைக்கும். விண்டோஸ் அதை இந்திய நேரமென எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் தேதி, நேர செட்டிங்கில் ‘சிங்க் நவ்’ அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்.