பாடம் 7: பூனை உள்ள வீட்டில் நாற்று வளர்த்தல்

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது: வீட்டு விறாந்தையில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை வளர்க்கும் முறை, அவற்றைப் பூனையிடமிருந்து காக்கும் வழி, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் தேவையான பாதுகாப்பு.

ஏன் வீட்டுக்குள்?

வன்னியில் காலபோக மழை ஒக்டோபரில் வலுக்கத் தொடங்கும். மிளகாய், கத்தரி நாற்று நடுவதற்கு நாலு முதல் ஐந்து கிழமை வளர வேண்டும். தக்காளிக்கு மூன்று முதல் நாலு கிழமை போதும். எனவே செப்டெம்பர் நடுப்பகுதியில் விதை போடுவது நல்லது. பிந்தினால் பெருமழை இளம் முளையை அடித்துச் சாய்த்துவிடும். வேலி அடைக்காத வளவில் கட்டாக்காலி மாடும் ஆடும் கோழியும் மிச்சம் வைக்கா. விறாந்தையில் ஒரு தட்டு வைத்தால் இந்தத் தொல்லைகள் குறையும்.

ஆனால் விறாந்தை பூனைக்கும் சொந்தமான இடம். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டாம். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த வளவில் எலி பெருகியிருக்கும். எலி நிவாரண அரிசியையும் விதையையும் தின்னும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பூனை நிற்கும் வீட்டில் இரண்டும் குறையும். பூனையும் நாற்றும் ஒரே வீட்டில் இருக்க வழி உண்டு.

மண் எடுக்கும் முன்

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் மட்டும் மண் எடுங்கள். புற்றுமண், ஆற்றுமண் நல்லது என்று பற்றைக்குள் போக வேண்டாம். மண்ணைச் சுடுவதற்காகச் சந்தேகமான நிலத்தில் வைக்கோலோ குப்பையோ எரிக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

தட்டும் விதையும்

1. மேல்மண், நன்கு உக்கிய மாட்டெரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்து அரித்தெடுங்கள்.
2. ஒரு சாக்கில் இட்டுக் கொதிநீர் ஊற்றி ஆற விடுங்கள். நாற்றின் அடித்தண்டை அழுகச் செய்யும் பூஞ்சணம் இதனால் குறையும்.
3. சிரட்டை, யோகட் கோப்பை, பழைய பெட்டி எதுவும் உதவும். அடியில் துளையிடுங்கள். பூச்சிமருந்து இருந்த பாத்திரம் வேண்டாம்.
4. விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதையை இட்டு மெல்லிய மண்ணால் மூடுங்கள். நெருக்கிப் போட்டால் நாற்று அழுகும்.
5. முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள்.

கிடைத்த விதை முழுவதையும் ஒரே நாளில் போட வேண்டாம். பாதியை உலர்ந்த போத்தலில் இறுக மூடி வையுங்கள். ஒரு தட்டு பழுதானாலும் அந்தப் போகம் கைவிட்டுப் போகாது.

பூனை ஏன் தட்டுக்கு வருகிறது?

மூன்று காரணங்கள் உண்டு. பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் மலம் கழிக்கக் கிண்டும். வெயில் படும் தட்டு இளஞ்சூடாக இருந்தால் ஏறிப் படுக்கும். காற்றில் ஆடும் இலையைக் கண்டால் கையால் தட்டி விளையாடும். அடித்தால் உங்கள் முன்னால் மட்டும் வராது, இரவில் வரும். காரணத்தை நீக்குவதே வழி.

கிண்டுவதற்கு: வளவின் ஒரு மூலையில் உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டியொன்றைப் பூனைக்கென வையுங்கள். தட்டின் மண்ணை எப்போதும் சற்று ஈரமாக வைத்திருங்கள். உலர்ந்த மணல் இருந்தால் பூனை ஈர மண்ணை நாடுவது குறைவு.

படுப்பதற்கு: இரண்டு விரல் இடைவெளியில் ஈர்க்குகளை நட்டால் படுக்க இடம் இராது. பழைய சாக்கொன்றை வெயில் படும் இடத்தில் விரித்துவிடுங்கள். பூனை அதையே விரும்பும்.

விளையாடுவதற்கு: தட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். இதற்கு எங்கள் முன்னோர் கண்ட வழி உறி.

உறி கட்டும் முறை

பூனைக்கு எட்டாமல் பாலும் தயிரும் வைக்கவே உறி கட்டினார்கள். அதே உறியில் நாற்றுத் தட்டை வைக்கலாம். பழைய சுளகு அல்லது பலகைத் துண்டின் நான்கு மூலையிலும் தும்புக் கயிறு கட்டி வளையில் தொங்கவிடுங்கள். பெரியவரின் நெஞ்சளவு உயரம் போதும். தகரக் கூரைக்குக் கிட்ட வைத்தால் மதிய வெக்கையில் நாற்று வாடும். சுவர், மேசை, கதிரை எல்லாவற்றிலிருந்தும் ஐந்தடியாவது தள்ளி இருக்கட்டும். பால்மா ரின் மூடியைத் துளையிட்டு மேற்கயிற்றில் கோத்துவிட்டால் வளை வழியாக எலியும் பூனையும் இறங்குவது கடினம்.

தறப்பாள் கொட்டிலின் தடி பாரம் தாங்காது. அங்கே உறி கட்டாமல், தட்டின் மேல் கம்பிவலையையோ இடைவெளி விட்டுப் பின்னிய கூடையையோ கவிழ்த்து மேலே கல் வையுங்கள். குடும்பத்துக்குத் தந்த நுளம்புவலையை இதற்கு வெட்ட வேண்டாம். அது நீங்கள் உறங்குவதற்கே.

செய்யக் கூடாதவை

தட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், வேர் கருகும். பூச்சி முட்டை பூனைக்கும் பிள்ளைக்கும் நஞ்சு. எலிப் பாசாணம் வைத்தால் அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் பூனையும் சாகும்.

உடல்நலம்

பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம். மணற்பெட்டியைக் கர்ப்பிணித் தாய்மார் துப்புரவு செய்யக் கூடாது. வேறொருவர் நாள்தோறும் மலத்தை எடுத்து ஆழப் புதைக்க வேண்டும். மண் தொட்ட கையை எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் வந்த பின் குணப்படுத்த முடியாது. உரிய நேரத்தில் போடும் ஊசி காப்பாற்றும்.

வெயிலும் நடுகையும்

நிழலிலேயே வளரும் நாற்று நெடுத்து மெலியும். முளைத்த பின் காலை வெயிலில் முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று நாலு மணித்தியாலம் வைத்து, காவலுக்கு ஒருவரை விடுங்கள். பாடசாலை போகும் முன் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை இது. நடுவதற்கு ஒரு கிழமை முன் தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டுங்கள். பின்னேரத்தில் நட்டு, சில நாட்களுக்கு வாழைமடலால் நிழல் கொடுங்கள்.

நினைவில் வைத்திருங்கள்

• மண் எடுப்பது பாதுகாப்பான நிலத்தில் மட்டும்.
• விதையில் பாதி போத்தலில்.
• பூனைக்கு மணற்பெட்டி, நாற்றுக்கு உறி.
• மண் தொட்டால் கை கழுவுதல்.

உங்கள் மண்ணுக்கு ஏற்ற இனம் எது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மிஞ்சும் நாற்றை அயலவருடன் பகிருங்கள். அவர்களும் இப்போதுதான் வளவு துப்புரவாக்குகிறார்கள்.