பிடிமண் முதல் சூளை வரை: இருக்கன்குடி வட்டார வனைதொழில்

மரத்தைச் செதுக்குகிறோம், இரும்பை அடிக்கிறோம், நூலை நெய்கிறோம். மண்ணைக் கலமாக்குவதற்கு மட்டும் தமிழ் 'வனைதல்' என்னும் தனிச்சொல்லைப் போற்றி வைத்துள்ளது. புறநானூற்றை வகுப்பில் நடத்தும்போது இச்சொல்லுக்கு 'மண்பாண்டம் செய்தல்' என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். அவ்வொரு சொல்லுக்குள் எத்தனை நாள் உழைப்பு அடங்கியுள்ளது என்பதை மாணவரும் கேட்பதில்லை; ஆசிரியராகிய நாமும் சொல்வதில்லை. சாத்தூரை அடுத்த இருக்கன்குடி வட்டாரத்துக் குயவர் தொழிலைச் சான்றாகக் கொண்டு அவ்வுழைப்பை ஓரளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்தது இருக்கன்குடி. 'இரு கங்கைக் குடி' என்பதே மருவி இவ்வாறு ஆயிற்று என ஊரார் விளக்கம் கூறுவர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பாரோ மாட்டாரோ, நிலத்தின் இயல்பை இவ்விளக்கம் சரியாகவே சொல்லிவிடுகிறது. இரண்டு ஆறுகள் கொணரும் வண்டலும், சுற்றிலும் பரந்த கரிசலும், இடையிடையே செவலும் ஒருங்கே வாய்த்த இடம் இது. இவ்வாற்றின் மேற்பகுதியில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சுடுமண் உருவங்கள், காதணிகள், வட்டச் சில்லுகள் முதலியன கிடைத்துள்ளன. வைப்பாற்றங்கரையில் மண் சுடும் தொழில் நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கடைசி வெள்ளி பெருந்திருநாள். அதற்கு அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் மண்ணாலான உருவங்களும் வேண்டும். இவற்றை வனைவோர் வேளார் எனப்படும் குயவர் பெருமக்கள். நம் கல்லூரி மலரில் இப்பொருள் பற்றி எழுதுவது ஏன் என்று பெரியவர் எவரேனும் வினவக்கூடும். அக்கலங்களை வனையும் அதே கைகள்தாம் நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையையும் வனைந்து தருகின்றன என்பதே நம் விடை. அன்றியும் மண்ணைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு. ஆதம் நபியைப் படைக்க இறைவன் நிலம் முழுவதிலிருந்தும் எடுத்த ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டான் என்றும், அதனாலேயே மாந்தர் சிவப்பும் வெளுப்பும் கறுப்பும் இடைநிறமுமாக அமைந்தனர் என்றும் நபிமொழி கூறுகிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் கோயிலுக்கு மண்குதிரை செய்யக் குயவரை அமர்த்தும்போது ஊர்த்தலைவர் அவர் கையில் ஒரு பிடி மண் கொடுப்பார். அதற்குப் 'பிடிமண்' என்றே பெயர். அடக்கத்தலத்தில் நாம் இடுவதும் மூன்று பிடி மண்ணே.

இனித் தொழிலுக்கு வருவோம். குயவர் வேலை என்றதும் நம் மனக்கண்ணில் சுழலும் சக்கரமே தோன்றுகிறது. நம்முடன் வந்திருந்த மாணவர் ஒருவரும் அதையே எண்ணி, "தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சக்கரத்தில் இருப்பீர்கள்?" என்று முதிய குயவர் ஒருவரிடம் கேட்டார். "சக்கரத்துல உக்கார்றது கொஞ்ச நேரந்தான் தம்பி. மிச்சமெல்லாம் மண்ணோட மல்லுக்கட்டுறது" என்று அவர் கூறிய விடை, நாம் முன்னரே எழுதி வைத்திருந்த வினாக்களில் பாதியைப் பயனற்றதாக்கிவிட்டது.

மல்லுக்கட்டு கண்மாயில் தொடங்குகிறது. கோடையில் நீர் வற்றிய பின்னரே மண் எடுக்க இயலும். கரிசல் மண் கையில் குழைவாக வரும். ஆனால் உலரும்போது பெரிதும் சுருங்கி வெடித்துவிடும். செம்மண்ணும் மணலும் சுருக்கத்தைக் குறைக்கும். மிகுந்தால் குழைவு கெடும். எனவே எம்மண்ணை எவ்வளவு சேர்ப்பது என்பது ஒவ்வொரு தெருவுக்கும், சில வேளை ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய அறிவு. குழைத்த மண்ணைக் கயிறுபோல் உருட்டி விரலில் சுற்றிப் பார்ப்பார்கள். வளைவில் வெடிப்புக் கண்டால் மணல் மிகுதி என்று பொருள்.

கரிசலில் மற்றோர் இடரும் உண்டு. அம்மண்ணில் சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக் கல் சிறுசிறு மணிகளாகக் கலந்திருக்கும். ஒரு மணி தப்பிக் கலத்தின் சுவருக்குள் புகுந்துவிட்டால், சூளையில் அது வெந்து நீறாத சுண்ணாம்பாகும். பின்னர்க் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு பருத்து, சுவரைச் சில்லாகப் பெயர்த்துவிடும். சூளையிலிருந்து குற்றமின்றி வந்த பானை, விற்ற சில நாள்களில் தானே பொத்தலாவது இதனால்தான். ஆகவே மண்ணைக் காயவைத்து, உடைத்து, சலித்து, குழியில் ஊறவைத்து, பின்பு காலால் மிதிக்கும் வேலை நாட்கணக்கில் நடக்கிறது. மிதிக்கும் கால் கல்லைக் கண்டுபிடிக்கும். கண்ணுக்குத் தப்பியதும் பாதத்துக்குத் தப்புவதில்லை.

அதன்பின் சக்கரம். பழைய சக்கரம் வண்டிச் சக்கரம்போல் பெரியது. கோல் கொண்டு சுழற்றப்படுவது. புறநானூற்றின் 32-ஆம் பாடலில் கோவூர் கிழார், சோழன் நலங்கிள்ளி நினைத்தபடியெல்லாம் நாடு உருவாகும் என்பதற்குக் குயவர் சிறுவர் சக்கரத்தில் வைத்த பச்சை மண்ணை உவமை காட்டுகிறார். இன்று பல பட்டறைகளில் மின்விசைச் சக்கரம் வந்துவிட்டது. கைவலி குறைந்தது என்று மூத்தோர் மகிழ்வதையே கண்டோம். பழைமை போயிற்றே என்று வருந்துவோர் பெரும்பாலும் சக்கரம் சுற்றாத நம்மைப் போன்றோரே.

சக்கரத்தில் எழுந்த பானைக்கு அடிப்பகுதி இராது என்பது மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். வாயும் கழுத்தும் தோளும் சக்கரத்தில் உருவானதும் நூலால் அறுத்து எடுக்கிறார்கள். அடி திறந்தே இருக்கும். நிழலில் சற்று இறுகிய பின்னர், உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைத் தாங்கி, வெளியே மறுகையால் மரப்பலகை கொண்டு தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி, அடியைக் கூட்டி மூடுகிறார்கள். ஒரே முறையில் இது முடிவதில்லை. தட்டுவதும் உலரவிடுவதும் மீண்டும் தட்டுவதுமாகப் பானை படிப்படியாகப் பருக்கிறது. இவ்வேலையில் பெண்டிர் பங்கு பெரிது. சக்கரத்தில் அமர்பவரை மட்டும் குயவர் என எண்ணினால் தொழிலில் பாதியை விட்டுவிடுகிறோம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், அவனிடம் தோற்று வடக்கிருந்த சேரனே அவனினும் நல்லன் என்று துணிந்து கூறியவர். அவர் பெயரிலேயே அவரது தொழில்மரபு நிற்கிறது.

தட்டுவதற்கு ஏற்ற நிலையை இவர்கள் 'பதம்' என்கின்றனர். பதம் என்பது சொல்லுக்கும் பெயர், பக்குவத்துக்கும் பெயர். ஆயிரங்கண் பானைக்குத் துளையிடுவதும் பதம் பார்த்தே. நகம் பதியவும் வேண்டும், மண் கையில் ஒட்டவும் கூடாது. முந்தினால் துளை இழுபட்டு மூடிக்கொள்ளும்; பிந்தினால் சுவர் வெடிக்கும். துளைகளின் வழியே உள்ளிருக்கும் விளக்கின் ஒளி வெளிப்படும் கலம் அது. பார்க்கும் உறுப்பையும் சிறு துளையையும் 'கண்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தமிழ் வழக்கை, சல்லடைக் கண் என்பதைவிட இப்பானை நன்கு விளக்குகிறது எனலாம்.

அக்கினிச்சட்டிக்கு மண்கூட்டே வேறு. மணல் சற்று மிகுதி. சுவரும் அடியும் தடிப்பு. திடீரெனச் சூடேறும்போது மெல்லிய, நெருங்கிய மண் பிளந்துவிடும். மணல் இடைவிட்டுக் கிடந்தால் கலம் சூட்டைத் தாங்கும். சமையற்சட்டி உடைந்தால் குழம்பு போகும். கனலேந்திக் கூட்டத்தின் நடுவே நடப்பவர் கையில் இச்சட்டி உடைந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடிக் காற்று வேறு பகையாக வீசும். வெளிப்புறம் விரைந்து உலர்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் கண்ணுக்குப் புலப்படாத கீறல் விழும். ஆதலின் திருநாள் நெருங்கி அவசரம் மிகும் காலத்திலேதான் ஈரச்சாக்குப் போர்த்தி உலர்த்தலைத் தாமதப்படுத்தும் கட்டாயமும் நேர்கிறது. மழை குறைந்த இவ்வட்டாரத்தின் வெயில் சிவகாசியின் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் உதவியதைப் போலவே இத்தொழிலுக்கும் உதவுகிறது. எனினும் எவ்வளவு வெயில், எப்போது என்பதைத் தீர்மானிப்பது கைதான்.

சூளை வைப்பது ஒரு வீட்டு வேலையன்று. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்வது. சீமைக்கருவேல விறகும் பருத்திமாரும் வைக்கோலும் எரிபொருள். கலங்களை அடுக்கி, ஓட்டாஞ்சில்லால் இடைவெளி நிரப்பி, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசுகிறார்கள். முதலில் மெல்லிய மூட்டமே. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுமுன் தீ பெருகினால் கலங்கள் வெடிக்கும். வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டும்போது மண்ணோடு கட்டுண்ட நீரும் நீங்கிவிடுகிறது. அதற்குப்பின் எத்தனை நாள் நீரில் கிடந்தாலும் அது மீண்டும் சேறாவதில்லை. காற்று நன்கு புகுந்தால் கலம் சிவக்கும். புகையை உள்ளே அடைத்தால் கறுக்கும். தொல்லியலார் கறுப்புச் சிவப்புப் பானை எனக் குறிப்பவற்றில் இவ்விரண்டும் ஒரே கலத்தில் அமைந்ததை அருங்காட்சியகங்களில் காண்கிறோம். பெருஞ்சூளையிலிருந்து எழும் புகை இருள் திரண்டதுபோல் வானில் ஊன்றி நின்ற காட்சியை ஐயூர் முடவனார் புறநானூற்றின் 228-ஆம் பாடலில் வைத்துள்ளார். கிள்ளிவளவன் இறந்துபட, அவன் புகழுக்கு ஏற்ற தாழியை வனைய உன்னால் ஆகுமோ எனக் குயவனை இரங்கிக் கேட்கும் பாட்டு அது. மண்ணின் சுருக்கமும் சூளையின் அளவும் அறிந்த பின் படித்தால், கவிஞர் கேட்பது வெறும் உயர்வு நவிற்சியன்று, தொழிலறிந்தோர் கேட்கும் கேள்வி என்பது விளங்கும்.

இத்தகைய தொழில்நுட்பச் சொற்களைத் தொகுத்தவர் மிகச் சிலரே. கரிசல் நாட்டு வழக்குச் சொற்களை அகராதியாக்கிய கி. ராஜநாராயணன் வழி காட்டினார். தானியம் சேர்க்கும் குலுக்கை, கலயம், மொந்தை, தோண்டி, சால், மிடா, கிளியஞ்சட்டி என்று கலந்தோறும் பெயர் வேறு. வாயின் அகலமும் கழுத்தின் உயரமும் வேறு. இவற்றுள் எத்தனைக்கு நம் மாணவர் வடிவம் வரைந்து காட்டுவர்? பொருள் அடுக்களையை விட்டு நீங்கும்போது சொல்லும் உடன் நீங்குகிறது. எவர்சில்வரின்மீது மட்டும் பழி போடுவதில் பயனில்லை.

மண்ணே கிடைக்காமற் போவது அதனினும் பெரிய இடர். கண்மாய் மண்ணை எடுக்க 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். மாவட்ட அலுவலகம் வரை சென்று திரும்புவதற்குள் மண்ணெடுக்கும் பருவமே கழிந்துவிடும் என்பது குயவர்களின் நெடுங்கால முறையீடு. வட்டாட்சியரே கட்டணமின்றி அனுமதி வழங்கலாம் என 2024-இல் விதி தளர்த்தப்பட்டது நல்ல செய்தி. ஆயினும் தூர்வாரும் இயந்திரம் வண்டலையும் களியையும் சுக்கானையும் ஒன்றாய் வாரிக் குவித்துவிட்டால், அனுமதிச் சீட்டு இருந்தும் பயனில்லை. எந்த ஆழத்தில் எந்த மண் என்பதை அறிந்தவர் தம் கையால் வெட்டி எடுத்தாக வேண்டும்.

சூளை ஆறிய மறுநாள் காலையில் நாம் அங்கிருந்தோம். முதியவர் ஒவ்வொரு கலத்தையும் எடுத்து, காதருகே வைத்து, விரல் மடக்கித் தட்டினார். நன்கு வெந்தது மணிபோல் ஒலித்தது. கீறல் உள்ளது மந்தமாய் ஒலித்தது. மனிதன் படைக்கப்பட்ட மண்ணைத் திருக்குர்ஆன் 55-ஆம் அத்தியாயம், தட்டினால் ஓசை தரும் சுட்ட மண்பாண்டத்தோடு ஒப்பிடுவதை ஓதியும் கேட்டும் இருக்கிறோம். அவ்வோசையைக் கேட்டது அன்றுதான். மந்தமாய் ஒலித்த பானைகளை அவர் ஒருபுறம் ஒதுக்கினார். தானியமோ உப்போ போட்டுவைக்க ஆகும் என்றார். மந்தமாய் ஒலித்த அக்கினிச்சட்டிகளை மட்டும் ஒதுக்கவில்லை. மூன்று இருந்தன. விலைக்குக் கேட்டால் கொடுத்துவிட நேரும் என்று சொல்லிக்கொண்டே, மூன்றையும் அங்கேயே கல்லில் போட்டு உடைத்தார்.